ஓடாத காரை விற்ற கதை: பாதியில் நின்ற கிட் காருக்கு என்ன விலை?

2016 அக்டோபரில் நான் ஒரு கார் விற்றேன். அந்தக் கார் தன் சொந்த பலத்தில் ஒரு அடிகூட நகர்ந்தது கிடையாது. நம்பர் பிளேட் இல்லை, ஹெட்லைட் எரியாது, சீட் இரண்டும் தனியாக அட்டைப்பெட்டியில் கிடந்தன. இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில், வாடகை வீட்டு கராஜில் ஆறரை வருஷமாக நான் கட்டிக்கொண்டிருந்த கிட் கார் அது. "வாடகை கொடுக்காம நம்ம வீட்ல குடியிருக்கிற ஒரே ஆள் இதுதாங்க" என்பாள் மனைவி.

கோயம்புத்தூருக்குத் திரும்புவது என்று முடிவானதும் இதை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால், நம்மூரில் ஒரு வாகன மாதிரியை ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்பு சோதித்துச் சான்று தந்த பிறகுதான் பதிவு. அது கம்பெனிகளுக்கான பாதை. கராஜில் ஒற்றை வண்டி கட்டியவனுக்கானது அல்ல. ஆகவே விற்கவேண்டும். விற்கப் போனபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கார் கட்டாதவர்களுக்கும், பாதியில் நிற்கும் ஏதோ ஒன்று வீட்டில் இருந்தால், இது உதவலாம்.

கிட் கார் என்றால்?

உதிரி பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொள்ளும் கார். பிரிட்டனில் இது பரவியதற்கு ஒரு வரிச் சட்டமும் காரணம். அங்கே 1940 முதல் 'பர்ச்சேஸ் டாக்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. முழு காராக வாங்கினால் அந்த வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் இல்லை. காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் 1957-ல் வந்தது. எடை குறைவு, கதவு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். பெரும்பாலும் கிட் ஆகவே விற்றது. 1973 ஏப்ரலில் பர்ச்சேஸ் டாக்ஸ் போய் வாட் வந்தது. வரிச் சலுகை போயிற்று. அதே வருஷம் செவனைத் தயாரிக்கும் உரிமையை லோட்டஸிடமிருந்து கேட்டர்ஹம் வாங்கிக்கொண்டது. இன்றும் அந்த உருவம் விற்பனையில் இருக்கிறது.

அடுத்த திருப்பம் 1996-ல். ரான் சாம்பியன் என்ற ஆசிரியர் எழுதி ஹெய்ன்ஸ் வெளியிட்ட புத்தகம், 250 பவுண்டில்கூட ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்றது. சதுரக் குழாய்களை வெட்டி, வெல்டு செய்து செவன் மாதிரி ஒரு சேசிஸ். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கிப் பிரித்து எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில். இந்த வகைக்கு 'லோகாஸ்ட்' என்று பெயரே வந்துவிட்டது. உறுப்பு கொடுக்கும் பழைய வண்டியை அங்கே 'டோனர்' என்கிறார்கள். எஸ்கார்ட் கிடைப்பது அரிதான பிறகு பலர் ஃபோர்டு சியராவுக்கு மாறினார்கள். நானும் அப்படித்தான். ஒரு சிறு பட்டறையிடம் சேசிஸ் வாங்கினேன். 2 லிட்டர் பிண்டோ எஞ்சின் உள்ள சியரா ஒன்றை வாங்கிப் பிரித்தேன்.

90 சதவீதம் முடிஞ்சாச்சு!

விற்கும்போது என் கார் எந்த நிலையில் இருந்தது? நான்கு சக்கரத்தில் நின்றது. எஞ்சினும் கியர்பாக்ஸும் உட்கார்ந்துவிட்டன. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் பைப் எல்லாம் பூட்டியாச்சு. மிச்சம்: வயரிங், கூலிங், எக்ஸாஸ்ட், சீட் பெல்ட், கண்ணாடிகள், பாடி பேனல்களைப் பொருத்திச் சரிபார்ப்பது. யார் கேட்டாலும் "90 சதவீதம் முடிஞ்சாச்சு" என்பேன். அதை நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழகிய வியாதி. பெல் லேப்ஸின் டாம் கார்கில் பெயரில் ஒரு விதி உண்டு. முதல் 90 சதவீத வேலை 90 சதவீத நேரத்தைத் தின்னும். மீதி 10 சதவீதம் இன்னொரு 90 சதவீதத்தைத் தின்னும் என்பது அதன் சாரம். சிரிப்புக்குச் சொன்னது, ஆனால் உளவியலில் இதற்கு அளவீடே இருக்கிறது. புயலர், கிரிஃபின், ராஸ் மூவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் சுமார் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால்? சுமார் 49 நாள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். நாம் நினைக்கும் மோசமான நிலைமைகூட நிஜத்தைவிட நல்லதாகவே இருக்கிறது.

காரில் இது இன்னும் மோசம். பெரிய சாமான்கள் முதலிலேயே ஏறிவிடும். எஞ்சின் உள்ளே இறங்கிய அன்று ஏதோ கார் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். மீதி வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. அதில் முக்கால்வாசி, அரசாங்கச் சோதனைக்கான வேலை.

சோதனையும் காகிதமும்

நான் கட்டிய காலத்தில், வீட்டில் கட்டிய கார் பிரிட்டன் சாலையில் ஓட ஐ.வி.ஏ. என்ற சோதனையில் தேறவேண்டும். 1998-ல் வந்த எஸ்.வி.ஏ.-வுக்குப் பதிலாக 2009-ல் வந்தது இது. பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட் மாட்டும் இடம், கண்ணாடி, புகை, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகள் ஆளைக் கிழிக்காதபடி குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரம் வளைந்திருக்கவேண்டும். சத்தம் 99 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. தேறிய பிறகு டி.வி.எல்.ஏ. என்ற பதிவு அலுவலகம்.

பதிவுக்குக் காகிதம் வேண்டும். புதிய சேசிஸோடு, டோனர் வண்டியின் முக்கியமான இரண்டு பெரிய பாகங்கள் இருந்து, அதற்கு ஆதாரமும் இருந்தால், டோனரின் வயதுக்கேற்ற எண் கிடைக்கும். ஆதாரம் போதாவிட்டால் 'க்யூ' என்று தொடங்கும் எண். "இவன் யாரென்று தெரியாது" என்று வண்டியின் நெற்றியில் எழுதிய மாதிரி. புகைச் சோதனையிலும் எஞ்சினின் வயதுக்கேற்பத்தான் வரம்பு; பழைய எஞ்சின் என்று நிரூபிக்காவிட்டால் புது எஞ்சினுக்கான கடுமையான வரம்பு. 80-களின் பிண்டோ அதில் தேறாது.

இந்தச் சங்கதி விலையை எப்படிப் பாதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் அலமாரியில் ஒரு ஃபைல் இருந்தது: சியராவின் லாக் புக் (நம்மூர் ஆர்.சி. புக் மாதிரி), சேசிஸ் பில், ஒவ்வொரு சின்ன பில்லும், 300-க்கு மேற்பட்ட புகைப்படங்கள். போட்டோ எடுத்தது பெருமைக்காக. ஆனால் இதை நிஜமாகவே தனி மனிதர் கட்டினார், கம்பெனி கட்டவில்லை என்று காட்ட அவைதான் ஆதாரம். வாங்க வந்த மூன்று பேரில் இரண்டு பேர் காரைப் பார்ப்பதற்கு முன் கேட்டது அந்த ஃபைலைத்தான்.

ஏன் பாகங்களின் கூட்டுத்தொகைகூட வராது?

நான் செலவழித்தது 4,300 பவுண்டு. என் உழைப்பைச் சேர்க்கவில்லை. மனசுக்குள் நான் போட்டிருந்த விலை 3,500. விளம்பரங்களை ஒரு மாதம் கவனித்ததில் தெரிந்தது: இந்த நிலையில் உள்ள வண்டி 2,000-ஐத் தொட்டாலே அதிர்ஷ்டம். இதற்கு மூன்று காரணம் எனக்குப் புரிந்தது.

முதலாவது, வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே இதை விளக்கினார். விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது என்றால், வாங்குபவன் எல்லா வண்டியையும் ஓட்டை வண்டி என்று சந்தேகித்தே விலை சொல்வான். ஓடும் காரையாவது ஓட்டிப் பார்க்கலாம். ஓடாததை எப்படிச் சோதிப்பது?

இரண்டாவது, வாங்குபவர் வாங்குவது காரை அல்ல, மிச்ச வேலையை. எந்த போல்ட் எந்த டப்பாவில் என்ற அறிவு என் தலையில் இருக்கிறது. அது வண்டியோடு போகாது. வேறொருவர் பாதியில் விட்ட புரோகிராமை வாங்கி முடித்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, நம்ம மனசு. நார்ட்டன், மோச்சன், ஏரியலி மூவரும் 2012-ல் 'ஐகியா எஃபெக்ட்' பற்றி எழுதினார்கள். தானே பூட்டிய பெட்டிக்கும் மடித்த காகிதப் பறவைக்கும் ஆட்கள் கூடுதல் விலை போட்டார்கள். பலர் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று அதில் உண்டு: வேலையை முடிக்க முடியாமல் போனவர்களிடம் அந்தக் கூடுதல் மதிப்பு இல்லாமல் போனது. இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நாலு வருஷமாக நான் கராஜ் கதவைத் திறக்கத் தயங்கியது சோம்பலால் அல்ல. உள்ளே இருந்தது கார் இல்லை, முடிக்காத கணக்கு.

பிரித்து விற்பதா, முழுசாகவா?

பிரித்தால் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், சக்கரம் தனித்தனியாகப் போகும். கூட்டினால் முழு வண்டியைவிட 400, 500 பவுண்டு அதிகம் வரலாம். ஆனால் மாதக்கணக்கில் பார்சல் கட்டவேண்டும். கடைசியில் யாருக்கும் வேண்டாத சேசிஸ் மிஞ்சும். டோனர் பாகங்கள் போய்விட்டால் அந்த ஃபைலுக்கும் அர்த்தமில்லை. எனக்கு இருந்ததோ ஏழு வாரம். முழுசாகவே விற்றேன்.

அந்த வெல்டிங்

இனி, எழுதத் தயங்கிய பகுதி. பின்பக்க வலது சஸ்பென்ஷன் பிராக்கெட் ஒன்றை 2012-ல் நானே வெல்டு செய்தேன். மாலை நேர வகுப்பில் பத்து வாரம் கற்ற தைரியம். பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் உலோகம் ஆழமாக உருகிச் சேர்ந்ததா, மேலோடு ஒட்டியதா என்று எனக்கு நிச்சயமில்லை. மேலே கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டேன். 'பிறகு ஒரு வெல்டரிடம் காட்டணும்' என்று நோட்டில் எழுதினேன். காட்டவில்லை.

வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக், கூடவே பதினேழு வயதுப் பேரன். பேரனும் அவரும் சேர்ந்து முடிக்கப்போகிறார்களாம். 1,700 என்று பேசி முடித்தோம். பையன் சீட் இல்லாத தரையிலேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு நாக்கு வரவில்லை. சோதனையில் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு மனசு. பெயிண்டுக்குக் கீழே இருப்பதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று இன்னொரு மனசு.

சொல்லிவிட்டேன். நோட்டில் அந்தப் பக்கத்தையும் காட்டினேன். பெரியவர் டார்ச் வாங்கிக் கீழே படுத்து ஐந்து நிமிஷம் பார்த்தார். எழுந்து, சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்டு, அந்த பிராக்கெட்டைச் சுற்றி வட்டம் போட்டார். "வெட்டி எடுத்துட்டுப் புதுசா போடணும். 1,450" என்றார். ஒத்துக்கொண்டேன். பிறகு அந்த நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

விற்பவர்களுக்குச் சில குறிப்புகள்

- மிச்ச வேலையின் பட்டியலை விளம்பரத்திலேயே போடுங்கள். '90 சதவீதம்' என்று எழுதாதீர்கள்.
- 'சோதனைக்குத் தயார்' என்று எழுதவேண்டாம். பிரிட்டனில் தனியார் விற்பனையிலும் பொருள் நீங்கள் விவரித்தபடி இருக்கவேண்டும் என்பது சட்டம்.
- சாலைக்குத் தகுதியற்ற வண்டியை விற்பது அங்கே குற்றமாகலாம். சரிசெய்யாமல் ஓட்டமாட்டார் என்று நம்பக் காரணம் இருந்தால் விலக்கு. 'முடிக்கப்படாத வண்டி, டிரெய்லரில் எடுத்துச் செல்லப்படுகிறது' என்று ரசீதில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.
- டோனரின் லாக் புக், பில்கள், படங்களைக் காசு கைக்கு வந்த பிறகு கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.
- டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.
- உங்களுக்குச் சந்தேகம் உள்ள இடத்தைச் சொல்லிவிடுங்கள். எனக்கு அதற்கு 250 பவுண்டு ஆனது.

டிரெய்லர் தெருமுனை திரும்பியதும் நான் கராஜைப் பெருக்கினேன். மூலையில் மூன்று எம்8 நட்டும் ஒரு வாஷரும் கிடைத்தன. அவை எங்கே போகவேண்டியவை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றே அவருக்கு எழுதி, தபாலில் அனுப்பி வைத்தேன்.

அந்தக் கார் ஓடியதா என்று கேட்பீர்கள். பிரிட்டனில் ஒரு வண்டியின் பதிவு எண் தெரிந்தால் அதன் நிலையை இணையத்தில் யாரும் பார்க்கலாம். நான் விற்றபோது அதற்கு எண்ணே கிடையாதே!