டோலி புறப்படுமுன் ஒரு மாத்திரை

பழனி மலைத்தொடரில், வட்டக்கானலுக்குக் கீழே, கும்பக்கரையிலிருந்து ஏறிவரும் பழைய நடைபாதையில் அமைந்திருக்கும் வெள்ளகவி, ஊர் எல்லைக்குள் காலணி அணிவதில்லை என்ற நியமத்தைப் பக்தியோடு காத்துவரும் சிற்றூர். தலைமுறை தலைமுறையாக நடந்தே சஞ்சரித்த அவ்வூர் ஜனங்கள், வியாதியஸ்தரை டோலி கட்டித் தோள்மாற்றித் தூக்கிச்சென்ற வழியை எண்ணிப் பார்த்தால், இதயத் தசை நிமிஷந்தோறும் மடியும் மாரடைப்புக்கு முன் அந்தப் பாதையின் நீளம் எத்தனை கொடியது என்பது விளங்கும்.

நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனே கொடுப்பதற்கென்று ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8, ஆக 14 மாத்திரைகளைக் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் வைத்திருக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2023 ஜூன் மாதம் தொடங்கியது. 17,187 நோயாளிகளிடம் நடத்தி 1988ல் வெளியிடப்பட்ட பெரும் பரிசோதனையில், ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வார மரணங்களை ஏறக்குறைய 23 சதவீதம் குறைத்தது. அத்தகைய ஔஷதம் சிலருடைய தேகத்தில் பலிப்பதில்லை என்றும், அதற்கு ‘ஆஸ்பிரின் எதிர்ப்பு’ என்று பெயர் என்றும் கேள்விப்படும் நோயாளி கலங்குவது இயற்கையே.

ரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டத் தூண்டும் திராம்பாக்ஸேனை உண்டாக்கும் நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. உட்கரு இல்லாத தட்டணுவுக்குப் புதிய நொதியைப் படைத்துக்கொள்ளும் சக்தி இல்லாமையால், தன் ஆயுளான 7 முதல் 10 நாள் முழுவதும் அது அடங்கியே கிடக்கும். அன்றாடம் புதிதாய்ப் பிறப்பவற்றை அடக்கவே தினமும் ஒரு சிறு மாத்திரை.

பென்சில்வேனியாவில் ஆரோக்கியமான 400 பேரைச் சோதித்து 2013ல் எழுதிய ஆராய்ச்சியாளர்கள், மெய்யான எதிர்ப்புள்ளவர் ஒருவரைக்கூடக் காணவில்லை. எதிர்ப்புப் போலத் தோன்றியது, வயிற்றைக் காக்க மாத்திரைமேல் பூசிய உறையினால் மருந்து தாமதமாக ரத்தத்தில் கலந்ததன் விளைவே. மாத்திரையை மறந்துவிடுவதும், நன்றாயிருக்கிறதே என்று தாமாகவே நிறுத்திவிடுவதும் இன்னும் சாதாரணமான காரணங்கள்.

மலையேறி இறங்கித் தேய்ந்த முழங்காலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. ஐபுபுரோஃபென் அந்த நொதியின் வாசலில் முன்னதாகச் சென்று அமர்ந்துகொண்டால், ரத்தத்தில் சிறிது நேரமே உயிரோடிருக்கும் ஆஸ்பிரின் உள்ளே புக வழியின்றிக் கழிந்துபோகும்; சில மணி நேரத்தில் ஐபுபுரோஃபெனும் அகன்றுவிட, தட்டணுக்கள் காவலின்றி விடப்படும். பாராசிட்டமால் இவ்வாறு வழிமறிப்பதில்லை. வைத்தியரிடம் இதயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முழங்காலைப் பற்றியும் அவசியம் சொல்ல வேண்டும்.

நீரிழிவுக்காரரிடம் புதிய தட்டணுக்கள் விரைந்து பிறப்பதால் மருந்தின் பலம் அடுத்த வேளைக்குள் குறையக்கூடும். பிறவியிலேயே அமைந்த குறை என்று துணிந்து சொல்லத்தக்கது குளோபிடோக்ரல் விஷயத்தில்தான் உண்டு: அதை ஈரலில் செயலுள்ள மருந்தாக மாற்றும் நொதிகளுள் முக்கியமான ஒன்று தமிழருள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினால்வரிடம் மந்தமாயிருப்பதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆராய்ச்சியாளர்கள் 2003ல் எழுதினார்கள்.

ரத்தக்கசிவோ ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இல்லாதவருக்கு, நெஞ்சடைப்பு நேர்ந்த வேளையில் வைத்தியரோ செவிலியரோ கொடுக்கும் ஆஸ்பிரினை அப்படியே விழுங்காமல் மென்று தின்னச் செய்ய வேண்டும். மென்றால் உறை உடைந்து, டோலியின் கயிற்றை முடிந்து தூக்குவதற்குள் மருந்து ரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருக்கும்.