சீனியர் கேட்ட ஒரு கேள்வி

பிராக்டீஸ் பண்ற சிஏ, 60 வயசு ஆகுற வரைக்கும், மூணு வருஷத்துக்கு 120 மணி நேரம் படிச்சதாக் கணக்குக் காட்டணும். எங்க இன்ஸ்டிட்யூட் விதி. அந்த மணிநேரத்துக்காகத்தான் 2024-ல ஏற்காட்டுல தங்கிப் படிக்கிற ரிஃப்ரெஷர் கோர்ஸுக்குக் கிளம்பினேன்.

மேடைப் பேச்சை விடுங்க, அதை யூடியூப்லயே பார்த்துக்கலாம். விஷயம் குழு விவாதத்துலதான் இருக்கு. கேஸ் ஸ்டடியை முன்னாடியே அனுப்பிடுவாங்க. சின்னக் குழுவா உட்கார்ந்து வாதாடணும். கடைசியில பேப்பர் எழுதினவர் பதில் சொல்வார்.

எங்களுக்கு வந்தது வருமான வரிச் சட்டத்தோட 43பி(எச்) பிரிவு. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள்ள பணம் தரலைன்னா, எந்த வருஷம் தர்றோமோ அப்பதான் அது செலவு. சரக்கு வந்தது மார்ச் 10, பணம் தந்தது ஏப்ரல் 15. "45 நாள் தாண்டலையே"ன்னேன். ஒரு சீனியர் கேட்டார்: "ஒப்பந்தம் எழுத்துல இருக்காப்பா?" இல்லைன்னா கெடு 15 நாள்தான். மார்ச் 25-லயே முடிஞ்சிடுச்சு!

எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஊர்ல ஒரு கிளையண்ட் கணக்கை ஒப்பந்தம் பார்க்காமலே முடிச்சு வச்சிருந்தேன். தனியா ஆபீஸ் நடத்துறவனுக்கு இதையெல்லாம் கேக்க ஆள் ஏது? ராத்திரி சாப்பாட்டுல அவர்கிட்டயே சொல்லிட்டேன்.

"ரிட்டர்ன் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப நிம்மதியாத் தூங்கு. திங்கக்கிழமை திருத்திக்கலாம்."