இருப்புப்பாதையும் இல்லறமும்

மும்பை மாநகருக்கு வடக்கே விரார் என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்து நகரின் தென்கோடியிலுள்ள சர்ச்கேட் நிலையம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவு. விரைவு வண்டியில் சென்றாலும் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வீட்டிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கும் போகும் நேரத்தையும் கூட்டினால், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வழியிலேயே கழிகிறது. அலுவலுக்கு ஒன்பது, உறக்கத்துக்கு ஏழு என ஒதுக்கினால் மிஞ்சுவன நான்கே மணி. சமையல், நீராடல், குழந்தைகளின் பாடம், கடைகண்ணி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுவதற்கு எஞ்சுவது எவ்வளவு?

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் வண்டி ஓடியபோது, இல்லறத்துக்குள்ளும் அது புகும் என எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 1925-இல் மின்சார வண்டிகள் வந்தன. வாடகை குறைந்த இடம் தேடி மக்கள் மேலும் மேலும் வெளியே நகர்ந்தனர். மாதுங்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பின்தலைமுறையினர் பலர் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் வீடு தேடிக்கொண்டனர்.

இத்தகைய பயணத்தால் தம்பதியரிடையே நேரும் பிணக்குக்குக் களைப்பே காரணம் என்பர். அது ஓரளவே உண்மை. பயணம் உடலின் வலிமையை மட்டுமின்றிப் பேச்சையும் செலவழித்துவிடுகிறது என்பதே நம் கருத்து. அன்றாடம் ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் செல்வோர் நாளடைவில் ஒரு குடும்பம் போலாகின்றனர். ஆடவர் கூடிப் பஜனை பாடுகின்றனர், சீட்டாடுகின்றனர். மகளிர் பெட்டியில் மாலை வேளையில் கீரை ஆய்வதையும் பட்டாணி உரிப்பதையும் காணலாம். மேலதிகாரியின் கோபம், மாமியாரின் முழங்கால் வலி, மகனின் மதிப்பெண் எல்லாம் அங்கேயே பேசித் தீர்ந்துவிடுகின்றன. வீடு சேர்ந்தபின் "இன்று என்ன செய்தி?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற விடையே வருகிறது. அது பொய்யன்று, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. கேட்டவருக்கோ அது புறக்கணிப்பாகப் படுகிறது.

இருவரும் வேலைக்குச் செல்பவராயின், ஒன்றாகப் புறப்பட்டும் பயனில்லை. நெரிசல் வேளையில் மனைவி மகளிர் பெட்டியை நோக்கியும் கணவன் பொதுப் பெட்டியை நோக்கியும் விரைகின்றனர். 1992-இல் சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே மகளிருக்கென்றே தனி வண்டியும் விடப்பட்டது. பெண்களுக்கு அது இன்றியமையாத வசதி, குறை கூறுவதற்கில்லை. எனினும் வழித்துணை என்ற சொல் அங்கே பொருளிழந்து போகிறது.

வீட்டில் இறங்கும் சுமையோ சமமன்று. 2019-இல் நடுவண் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்டிர் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆடவர் 97 நிமிடமும் அதில் செலவிடுகின்றனர். இது நாடு முழுவதற்குமான கணக்கு. இருவரும் ஒரே வண்டியில் இறங்கினாலும், ஒருவர் நாற்காலியையும் மற்றவர் அடுப்பையும் நாடுகின்ற வீட்டில் மனக்கசப்பு எழாதிருந்தால்தான் வியப்பு. இதனைப் பயணத்தின் குற்றமென்று தள்ளிவிட நாம் உடன்படோம்.

மாதத்தில் பாதி நாள் வெளியூர் சுற்றும் விற்பனைப் பிரதிநிதியின் நிலை வேறு. அவர் இல்லாமலே வீடு நடக்கப் பழகிவிடுகிறது. திரும்பி வந்து அவர் கட்டளையிடும்போதுதான் சச்சரவு தொடங்குகிறது.

போரிவலியில் நாம் அறிந்த தம்பதியர் உளர். தாமதமாக வந்தது யார் என்பதில் நாள்தோறும் பூசல். இப்போது முதலில் இறங்குபவர் நிலைய மேம்பாலத்தில் காத்திருக்கிறார். ஆட்டோவில் ஏறாமல் இருவரும் பதினைந்து நிமிடம் நடந்தே வீடு செல்கின்றனர். அப்பொழுது வரவுசெலவைப் பற்றிப் பேசுவதில்லை என்பது அவர்கள் ஏற்பாடு. வண்டி பிந்தினால், காத்திருப்பவர் கீழே இறங்கி அன்றைக்கு வேண்டிய காய்கறியை வாங்கி வைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் அது கணவராகவே இருக்கிறார்.