எந்த ஊர் கிம்?

இன்னைக்கு எபிசோட் நான் பண்ண ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது. வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு கொரிய கிளையன்ட்டோட கஸ்டமர் லிஸ்ட்ல டூப்ளிகேட் என்ட்ரிகளைக் கண்டுபிடிச்சு ஒண்ணா சேர்க்கணும். குடும்பப் பெயர், ஊர், சொந்தப் பெயரோட முதல் எழுத்து மூணும் ஒண்ணா இருந்தா ஒரே ஆள்னு கோட் எழுதினேன். டெஸ்ட் ரன்லயே கிம் எல்லாம் கொத்துக் கொத்தா ஒட்டிக்கிச்சு. நல்லவேளை, லைவ் போகல.

2015 சென்சஸ்படி தென்கொரியாவுல கிம்கள் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேல. அஞ்சு பேர்ல ஒருத்தர்! போதாததுக்கு ஊருங்க வேற: கிம்போ, கிம்ஹே, கிம்ஜே, கிம்சியோன். எல்லாத்துக்கும் முதல்ல வர்றது கிம் குடும்பப் பெயரோட அதே சீன எழுத்துதான், அர்த்தம் தங்கம். ஆனா இங்கிலீஷ்ல தேடினா சிக்காது. 2000-ல அரசாங்கம் ஸ்பெல்லிங் முறையை மாத்தினதும் ஊர்ப் பெயர்கள் 'ஜி'க்குப் போயிடுச்சு, ஆளுங்க பழைய 'கே'யையே வச்சுக்கிட்டாங்க. தமிழ்ல எழுதினா ரெண்டுமே 'கி'. நமக்கு அந்தப் பிரச்சினையே இல்ல.

இதுல கிம்ஹே முக்கியமான ஊர். கொரியாவுல குடும்பப் பெயரோட ஒரு பூர்விக ஊரும் ஒட்டிட்டே வரும், அதுக்குப் பேர் போன்க்வான். கிம்ஹே கிம் சுமார் 44 லட்சம் பேர். கியோங்ஜு கிம் வேற வம்சம், மூதாதையரே வேற. கிம்ஹே கிம்மோட மூதாதை சுரோ மன்னர். அவரைக் கட்டிக்க கி.பி. 48-ல 'அயுத்தா'வுல இருந்து கப்பல்ல வந்த இளவரசின்னு ஒரு கதை இருக்கே, நம்ம யூடியூப்ல தமிழ் இளவரசின்னு ஓடுதே, அது இந்த வம்சம்தான். அயோத்தின்னும் சொல்றாங்க. அந்தக் கதையை எழுதி வச்ச புத்தகமே 13-ம் நூற்றாண்டு, அதனால நான் ரெண்டு பக்கமும் சேரல.

பெயரும் ஊரும் ஒண்ணுன்னா பங்காளி. பங்காளிக்குள்ள கல்யாணம் கிடையாது. இது நமக்குப் புரியும். ஆனா அங்க அது சிவில் சட்டத்துலயே இருந்துச்சு, 809-வது பிரிவு. எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் செல்லாது. லட்சக்கணக்கான பேர் இருக்குற வம்சத்துல, காலேஜ்ல பழகின ரெண்டு பேருக்குக் கடைசியில தெரிய வருது, ரெண்டு பேரும் கிம்ஹே கிம்னு. சேர்ந்து வாழலாம், ஆனா பதிவு பண்ண முடியாது. சட்டத்துக்கு அவங்க கணவன் மனைவி இல்ல. பிறக்குற குழந்தையும் கல்யாணத்துக்கு வெளிய பிறந்த குழந்தை. 1978, 1988, 1996-னு மூணு தடவை மட்டும், ஒவ்வொரு வருஷத்துக்கு, 'சரி வந்து பதிவு பண்ணிக்கோங்க'ன்னு கதவைத் திறந்தாங்க. ஆடித் தள்ளுபடி மாதிரி.

எனக்குக் கடுப்பான இடம் இதுதான். பழைய கொரியாவுல அடிமைகளுக்கும் நிறைய சாதாரண மக்களுக்கும் குடும்பப் பெயரே இல்ல. பிற்காலத்துல காசு இருந்தவங்க வம்சாவளிப் புத்தகத்துல இடம் வாங்கினாங்க. 1909-ல எல்லாருக்கும் பதிவு கட்டாயம்னு சட்டம் வந்தப்போ, நிறைய பேர் கிம், லீ, பாக்னு பெரிய வீட்டுப் பெயரா பார்த்து எடுத்துக்கிட்டாங்க. அப்போ அந்தக் காதலர்கள் ரெண்டு பேருக்கும் ஒரு சொட்டு ரத்தம்கூடப் பொதுவா இல்லாம இருந்திருக்கலாம். என் கோட் பண்ண அதே வேலை, ஆனா இது நாடு முழுக்க லைவ்ல ஓடிட்டு இருந்துச்சு.

1997 ஜூலைல அரசியலமைப்பு நீதிமன்றம் இது செல்லாதுன்னு சொல்லுச்சு. சட்டப் புத்தகத்துல திருத்த 2005 ஆச்சு. இப்போ தடை நெருங்கின சொந்தத்துக்குள்ள மட்டும்தான். தந்தை வழியில பார்த்தா, ஒரே எள்ளுத் தாத்தாவோட வாரிசுகள் வரைக்கும். எங்க எள்ளுத் தாத்தா பேர் என்னன்னு அம்மாகிட்ட கேட்டேன். அவங்களுக்கும் தெரியல.