அமெரிக்காவில் பல்வலி வந்தால்...

"அங்கேதான் எல்லாத்துக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கே, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்கும் சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

2023-ல் என் நாத்தனாரின் பிரசவத்துக்காக மாமியார் நியூஜெர்சி போயிருந்தார். மூன்றாம் வாரமே கடைவாய்ப்பல்லில் வலி. வேர் சிகிச்சைக்கும் மேலே போடும் உறைக்கும் சேர்த்து 2,400 டாலராம்! ஏறக்குறைய இரண்டு லட்ச ரூபாய். "டிக்கெட் எடுத்து ஊருக்குப் போயி, பல்லைக் காட்டிட்டு வந்துடலாம் போலிருக்கே!" என்றாராம். வலி மாத்திரையிலேயே நாளை ஓட்டி, ஊர் திரும்பி, தெருமுனை டாக்டரிடம் ஒன்பதாயிரத்தில் முடித்துக்கொண்டார். (பல்லில் சீழ் பிடித்தால் இப்படித் தள்ளிப்போடுவது ஆபத்து. நீங்கள் செய்யாதீர்கள்.)

கையில் இன்ஷூரன்ஸ் இல்லாமலா போனார்? இருந்தது. ஆனால் பார்க்கப் போகிறவர்கள் எடுக்கும் பாலிசியில் பல்லுக்கும் பழைய வியாதிகளுக்கும் பெரும்பாலும் பணம் கிடைக்காது. அங்கேயே வேலை பார்க்கும் நாத்தனாருக்கும் முதலில் ஒரு தொகை வரை கைக்காசுதான். ஆம்புலன்ஸில் ஏறினால் அதற்கும் பில் வரும். இங்கே 2008 முதல் 108 வண்டி இலவசம்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? தனியாரில் சிசேரியன் என்றால் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது. ஆனால் முன்கூட்டியே "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கலாம், அரசு ஆஸ்பத்திரிக்கும் போகலாம்.

ஆகவே, புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே பல், கண், சர்க்கரை, பி.பி. எல்லாம் பார்த்துவிடுங்கள். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். பாராசிட்டமாலுக்கே அங்கே அசிட்டமினோஃபென் என்றுதான் பெயர்!