வெள்ளத்தில் ராணுவம்: யார் அழைப்பது, யார் வழிகாட்டுவது?

வெள்ளம், புயல், சுனாமி என எது வந்தாலும் ராணுவம் தானாகக் களத்தில் இறங்குவதில்லை. மீட்பும் நிவாரணமும் மாநில அரசின் பொறுப்பு. மாவட்டத்தில் அதற்குத் தலைமை ஏற்பவர் ஆட்சியர். வருவாய்த் துறை, காவல்துறை, தீயணைப்புத் துறை மூன்றும் சேர்ந்தும் சமாளிக்க முடியாதபோதுதான் முப்படைகளின் உதவி கேட்கப்படுகிறது. கடைசியாக வருவதும் முதலில் திரும்புவதும் படையின் வழக்கம். படை வந்துவிட்டதால் நிர்வாகம் அதன் கைக்குப் போய்விடுவதில்லை. எந்த ஊருக்கு முதலில் போவது, மீட்டவர்களை எங்கே தங்கவைப்பது என்பதையெல்லாம் அப்போதும் ஆட்சியரகம்தான் முடிவு செய்கிறது.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இதற்கு அடிப்படை. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராக்கும் அந்தச் சட்டம், முப்படைகளைப் பணியில் ஈடுபடுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. ஆரஞ்சு உடையில் வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையைப் பலரும் ராணுவம் என்றே நினைக்கிறார்கள். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ், துணை ராணுவப் படையினரைக் கொண்டு அமைந்தது. அதன் 4-வது படைப்பிரிவு அரக்கோணத்தில் இருக்கிறது.

இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019-இல்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2015 டிசம்பர் தொடக்கத்தில், இன்று அந்த மாவட்டத்தில் உள்ள தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டியது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூரை மூழ்கடித்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது முடிச்சூரைத் தாண்டி, திருநீர்மலை அருகில். ஆகவே இங்கே மக்களைத் தவிக்கவிட்டது செம்பரம்பாக்கம் அல்ல, மேலே இருந்த சிற்றேரிகள். அந்த வெள்ளத்தைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

தாம்பரத்துக்கும் ஊரப்பாக்கத்துக்கும் ராணுவக் குழுக்கள் அனுப்பப்பட்டன. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. சென்னை விமான நிலையம் நீரில் மூழ்கி மூடப்பட்டதால், அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி விமானத் தளம் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

குடியிருப்புப் பகுதியில் மீட்புப் பணி எளிதல்ல. நீருக்கடியில் சுற்றுச்சுவர் எங்கே, கிணறு எங்கே, திறந்து கிடக்கும் சாக்கடை எங்கே என்று வெளியூர் வீரருக்குத் தெரியாது. மோட்டார் படகின் விசிறியில் துணியும் கேபிள் வயரும் சுற்றிக்கொள்ளும். இன்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பாலோ, இடுப்பளவு நீரில் இறங்கிக் கயிற்றாலோ படகை இழுத்துச் செல்ல வேண்டிவரும். ஹெலிகாப்டர் தாழ இறங்கினால் அதன் காற்றில் மொட்டை மாடியில் போட்ட தகரக் கூரை பிய்த்துக்கொண்டு பறக்கும். மின்கம்பி இருந்தால் நெருங்கவே முடியாது. படகையும் ஹெலிகாப்டரையும் படை கொண்டுவரும். ஆனால் எந்தத் தெருவில் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்பது கிராம நிர்வாக அலுவலருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்தான் தெரியும். அந்த விவரமும், ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய மைதானங்களின் பட்டியலும், படகில் உடன் ஏறி வழிகாட்டும் உள்ளூர் ஆட்களின் பெயர்களும் மழைக்கு முன்பே தயாராக இருந்தால், படை வந்த முதல் மணி நேரம் வீணாகாது.

கடலோரத்தில் நிலைமை வேறு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது. கல்பாக்கம் நகரியத்துக்குள் கடல் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அங்குள்ள அணுமின் நிலையத்தின் பம்ப் அறையில் கடல்நீர் ஏற, இயங்கிக்கொண்டிருந்த அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. தமிழகம், ஆந்திரக் கரைகளில் கடற்படை ‘மதத்’ என்ற பெயரில் நிவாரணப் பணியை மேற்கொண்டது. அதே அலையில் கார் நிகோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் அவர்களது குடும்பத்தினரும் மாண்டார்கள். உதவிக்கு வர வேண்டிய படையே பாதிக்கப்படலாம் என்பதைத் திட்டமிடுவோர் கணக்கில் கொள்ள வேண்டியதாயிற்று. சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் செயல்படத் தொடங்கியது 2007-இல்.

புயலுக்கு அவகாசம் உண்டு. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இத்தகைய நாட்களில் கடலோரக் காவல்படையின் முக்கியமான வேலை புயலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது: அதன் கப்பல்களும் விமானங்களும் ஆழ்கடலில் இருக்கும் மீன்பிடிப் படகுகளுக்கு வானொலியில் எச்சரிக்கை சொல்லிக் கரைக்குத் திருப்புகின்றன. கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு குப்பங்களில் மீனவர்கள் ஃபைபர் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டுகிறார்கள்.

கல்பாக்கத்துக்கென்று தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ. வரை அவசரகாலத் திட்டப் பகுதி. மாமல்லபுரமும் அதற்குள் வருகிறது. நிலையத்தின் எல்லைக்கு வெளியே எதுவானாலும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்தினுடையது. மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்வது, அயோடின் மாத்திரை கொடுப்பது, தேவைப்பட்டால் பேருந்துகளில் வெளியேற்றுவது ஆகியவை இதில் அடங்கும். குறிப்பிட்ட கால இடைவெளியில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இதற்கான ஒத்திகை நடக்கிறது; அதற்கும் தலைமை ஆட்சியர்தான்.