வீழாத விதானம்

ஜெர்மனியில், மைன் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்கள் போர்த்திய குன்றுகளின் நடுவே அமைந்துள்ளது வூர்ஸ்பர்க் நகரம். 1316இல் தோன்றிய இந்நகரின் அறநிலையம், தன் தோட்டத்து ஒயின் வருவாயைக்கொண்டு இன்றும் முதியோரைப் பேணுகிறது.

நகரை ஆண்ட ஆயர்களின் அரண்மனையில், நிலத்தடியில் ஒயின் சேமிக்கும் நிலவறை உள்ளது; மேலே, பால்தசார் நாய்மான் என்னும் கட்டடக் கலைஞர் தாங்குதூண்களின்றி எழுப்பிய படிக்கட்டு மண்டபத்தின் வளைவு விதானம் உள்ளது. அவ்விதானத்தில் இத்தாலிய ஓவியர் தியெப்போலோ, அன்று அறியப்பட்டிருந்த நான்கு கண்டங்களை 1752-53இல் தீட்டினார்.

1945 மார்ச் 16 இரவு, பிரிட்டிஷ் விமானங்களின் குண்டுவீச்சில் நகரின் பெரும்பகுதி தீக்கிரையானது. அரண்மனையின் கூரையும் எரிந்து வீழ்ந்தது. கல் விதானமோ வீழவில்லை. மழைநீரால் ஓவியம் அழியாதிருக்க, அமெரிக்கப் படை அதிகாரி ஜான் ஸ்கில்டன் மரம் தேடித் தற்காலிகக் கூரை அமைப்பித்தார். இன்று படியேறுவோர் அண்ணாந்து காண்பது, பகைநாட்டவரும் காத்த கலை.